மேரியான் நார்த்

மேரியான் நார்த் (24 அக்டோபர் 1830 – 30 ஆகஸ்ட் 1890) இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்த தாவர ஓவியர், பயண எழுத்தாளர். தந்தை பிரெடெரிக் நார்த் நாடாளுமன்ற உறுப்பினர். இளமையில் அவருடனேயே ஊர் ஊராகச் சுற்றிய மேரியான், 1869இல் அவர் காலமான பின் தனியாகக் கப்பலேறத் துணிந்தார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1875இல் தொடங்கிய உலகப் பயணம் அவரை ஜப்பான், போர்னியோ தீவின் சரவாக், ஜாவா, இலங்கை எனக் கொண்டுசென்றது. களுத்துறையில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் வீட்டில் தங்கினார். தூரிகையும் கையுமாக அவர் வரையும் காட்சியை கேமரன் படம் பிடித்திருக்கிறார். 1877 முதல் 1879 வரை நார்த் இந்தியாவில் சுற்றினார். மதுரை, தஞ்சாவூர் வழியாகத் தொடங்கிய அந்தப் பயணம் இமயமலை வரை நீண்டது. தஞ்சாவூரில் நீதிபதியும் வடமொழி அறிஞருமான பர்னெலுடன் பழகியது, இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகொடிகளை வரையும் ஆர்வத்தைத் தூண்டியது.

அக்காலத் தாவர ஓவியர்கள் ஒரு கிளையை வெட்டி எடுத்து, வெள்ளைத்தாளில் நீர்வண்ணத்தில் தீட்டுவதே வழக்கம். நார்த் எண்ணெய் வண்ணத்தைக் கையாண்டார். செடியை அது வளரும் மண்ணோடும் மலையோடும் சேர்த்தே வரைந்தார். இதுவே அவருடைய பெரும் சாதனை. சரவாக்கின் சுண்ணாம்புக்கல் மலையிலிருந்து அவருக்குக் கொண்டுவந்து கொடுக்கப்பட்ட ஒரு குடுவைத் தாவரத்தை வரைந்தார்: செம்புள்ளிகள் படர்ந்த பெரிய குடுவைகள், அகன்ற விளிம்பு, பின்னணியில் காடு. லண்டனில் அந்த ஓவியத்தைப் பார்த்த நாற்றுப்பண்ணை உரிமையாளர் ஹாரி வீட்ச், தாவர சேகரிப்பாளர் சார்லஸ் கர்ட்டிஸை அனுப்பிச் செடியைத் தேடிப் பிடிக்கச் செய்தார். அறிவியலுக்குப் புதிதான அந்த இனத்துக்கு, 1881இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ‘நெப்பந்தஸ் நார்த்தியானா’ எனப் பெயரிட்டார். ஓவியம் முந்திக்கொள்ள, தாவரவியல் அதைப் பின்தொடர்ந்தது.

சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயர் ராஜா சார்லஸ் புரூக்கின் விருந்தோம்பல், பிற இடங்களில் ஆங்கிலேய அதிகாரிகளின் வீடுகள் என, காலனி ஆட்சி தந்த வசதிகள் நார்த்தின் பயணங்களை எளிதாக்கின என்பதையும் மறக்கலாகாது.

சொந்தச் செலவில் அவர் கட்டிக்கொடுத்த காட்சிக்கூடம் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1882இல் திறக்கப்பட்டது. 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இடைவெளியின்றிச் சுவர்களை நிறைக்கின்றன. அவற்றை நிலப்பகுதி வாரியாக அடுக்கியவரும் அவரே. கீழ்ச்சுவரில் 246 வகை மரப்பலகைகள். நினைவுக்குறிப்புகளைத் தங்கை கேத்தரின் சைமண்ட்ஸ் பதிப்பித்து, நார்த் மறைந்த பின் 1892இல் வெளியிட்டார்.