ம்பாத்தா: அகான் கிறிஸ்தவத்தில் பரிகாரமும் சாபமும்

கானாவின் அகான் மக்களிடையே 'துவாபோ' என்றொரு வழக்கம் உண்டு. அநீதிக்கு ஆளானவர், தமக்குத் தீங்கிழைத்தவரைத் தண்டிக்குமாறு ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சபிப்பார். முட்டையும் மதுவும் படைக்கப்படும். குமாசிக்கு அருகிலுள்ள அன்தோவா நியாமா என்னும் ஆற்றுத் தெய்வத்தின் பெயர் இன்றும் அச்சத்தோடே உச்சரிக்கப்படுகிறது. சாபம் குற்றவாளியோடு நில்லாமல் அவருடைய தாய்வழிக் குலத்தையும் பற்றும் என்பது நம்பிக்கை. அதை நீக்க இரண்டு செயல்கள் தேவை. முதலில் சபித்தவரைச் சாந்தப்படுத்த வேண்டும். பின்னர் அத்தெய்வத்திடமே சென்று, உரிய பலி கொடுத்துச் சாபத்தை எடுத்துவிட வேண்டும்.

முதற்செயலுக்குரிய சொல் 'ம்பாத்தா'. வழக்குத் தீர்ந்தபின் புண்பட்டவருக்கு அளிக்கும் ஈடு அது. கிறிஸ்துவின் பாவப்பரிகாரத்தைக் குறிக்கவும் துவி மொழிக் கிறிஸ்தவ வழக்கில் இச்சொல்லே நிலைபெற்றது. 1828இல் கோல்ட் கோஸ்ட் வந்த பாசல் மிஷனைச் சேர்ந்த (மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நடத்திய அதே மிஷன்தான்) யோகான் கிறிஸ்டாலரின் துவி விவிலியம் 1871இல் நிறைவுற்றது. சொல்தேர்வில் குறையில்லை. கடவுளின் சினம் தணிந்ததை அது தெளிவாகவே உணர்த்தியது. ஆனால் அன்தோவாவின் சினம்? அவ்வச்சத்தை மிஷனரிகள் மூடநம்பிக்கை என்றனர். அல்லது சாத்தானின் வேலை என்றனர். பின்னதைச் சொன்னபோது, அஞ்சுவதற்குக் காரணம் உண்டு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டவர்களாயினர்.

இரண்டாம் செயலின் இன்றியமையாமையை உணர்ந்தவர் லைபீரியாவின் கிரேபோ இனத்தவரான வில்லியம் வாடே ஹாரிஸ். 1913-14இல் ஐவரி கோஸ்ட்டிலும் கோல்ட் கோஸ்ட்டின் மேற்குப் பகுதியிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தார். மிஷன் சபைகளைப் போல நெடுநாள் போதித்துக் காத்திருக்கவில்லை. வழிபாட்டுப் பொருள்களை எரித்தவர், கைவிடப்பட்ட தெய்வங்களின் பழிக்கு ஒரு நாளும் பாதுகாப்பின்றி நிற்கலாகாது என்பதே காரணம். இறையியல் நூல்களில் அவர் பெறும் இடம் இன்னும் சிறிதே.

1980களுக்குப் பின் கானாவில் பெருகிய விடுதலை ஊழியங்கள் கலாத்தியர் 3:13ஐக் கையிலெடுத்தன. பவுல் அங்கே பேசுவது நியாயப்பிரமாணத்தின் சாபத்தை. கேட்டவர்களுக்கோ அது பாட்டன் பெற்ற சாபமாயிற்று. வினாப்பட்டியல் கொண்டு குலவரலாறு துருவப்பட்டது. உபவாசத்தில் நீங்கியதாக அறிவிக்கப்பட்ட சாபம், அடுத்த நோயிலோ வேலையிழப்பிலோ மீண்டும் தேடப்பட்டது. சிலுவை போதுமெனில் இத்தேடல் எதற்கு? இக்கேள்வி வெளியாரிடமிருந்து மட்டும் எழவில்லை. பெந்தெகொஸ்தே சபையின் தலைவராகப் பின்னர் பொறுப்பேற்ற ஒப்போகு ஒன்யினா, 2002இல் பர்மிங்ஹாமில் அளித்த ஆய்வேட்டில், இவ்வூழியங்கள் தாம் போக்க முனையும் அச்சத்தையே வளர்ப்பதைச் சுட்டினார்.