வெள்ளியில் ஓர் ஓவியர்

அரசுகள் நாணயம் அடிப்பது கொடுக்கல் வாங்கலுக்காக மட்டுமன்று. தாம் யாரை மதிக்கின்றோம் என்பதை உலகுக்கு உரைப்பதற்காகவும் ஆகும். மன்னரும் தளபதியரும் வீற்றிருந்த வெள்ளியில் பிற்காலத்தில் ஓவியரும் இடம்பெற்றனர். மேற்கு ஜேர்மனி 1971இல் அல்பிரெக்ற் டியூரருக்கு ஐந்து மார்க் நாணயம் வெளியிட்டது. நெதர்லாந்து 2003இல் வான் கோவுக்கும், றெம்பிராண்ட் பிறந்த 400ஆம் ஆண்டாகிய 2006இல் அவருக்கும் ஐந்து யூரோ வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. கலைஞருக்குக் கிடைத்த இச்சிறப்பில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயின் அவ்வெள்ளியின் பின்னாலுள்ள வரலாற்றையும் நாம் நோக்குதல் வேண்டும்.

லெய்டன் நகரத்துக் காற்றாலைக்காரர் ஒருவரின் மகன் றெம்பிராண்ட். அம்ஸ்டர்டாமின் செல்வ வணிகர் அவரைக்கொண்டு தம் உருவங்களை வரைவித்தனர். 1639இல் 13,000 கில்டருக்கு அவர் வீடு வாங்கினார். அவர் சிக்கனக்காரர் அல்லர். அரும்பொருள்களைக் கடன்பட்டும் வாங்கினார். 1652 முதல் 1654 வரை நடைபெற்ற ஆங்கில-ஒல்லாந்தப் போரினால் நகரிற் பணம் அருகியபோது கடன்காரர் நெருக்கினர். 1656இல் தம் உடைமைகளை அவர் நீதிமன்றிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அதிகாரிகளின் பட்டியல் 363 இலக்கங்கள் வரை நீண்டது. 1658இல் வீடும் ஏலத்திற் போயிற்று. 1660இல் துணைவி ஹென்றிக்கியும் மகன் டைற்றஸும் ஒரு வணிகக் கூட்டு அமைத்து, அதிலே அவரை ஊழியராக்கினர்; அவர் வரையும் படங்கள் கடன்காரர் கையிற் சேராதிருக்க அதுவே வழியாயிற்று. 1669இல் இறந்த அவர், பெயர் பொறிக்கப்படாத வாடகைக் கல்லறையிலே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வாண்டுகள் நமக்குப் புதியன அல்ல. அம்ஸ்டர்டாம் வணிகர் பெரும்பங்கு கொண்டிருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கொழும்பைக் கைப்பற்றியது 1656இல்; யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658இல். நம் நாட்டுக் கறுவாவை விற்றுக் கொழுத்த அந்நகரில் செல்வத்துக்குப் பஞ்சமில்லை. கலையையும் விலைப்பண்டமாகவே கண்ட வணிக வர்க்கம், ஓவியரின் படத்தை வேண்டியது. அவர் வாழ்வுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றிருந்தது.

1629இல் றெம்பிராண்ட் வரைந்த ஓவியமொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக்கொடுக்க வந்த யூதாஸ் மண்டியிட்டுக் கைகளைப் பிசைகின்றான். காசுகள் தரையிலே சிதறிக் கிடக்கின்றன. வாங்குவோர் ஒருவருமில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி கொண்ட நினைவு நாணயம் சந்தைக்குப் போவது அரிது. சேகரிப்போர் பேழையிலேயே அது உறங்குகின்றது. மறைந்த கலைஞரின் நினைவை வெள்ளியிற் பொறித்தல் நன்றே. வாழும் கலைஞரின் வீடு ஏலம் போகாத சமுதாயத்தைச் சமைத்தல் அதனினும் நன்று, அப்பணி நம்முடையது.