'நிறை'யும் 'திணிவு'ம்: வானியற் கலைச்சொல் ஒன்றின் வரலாறு

சூரியனைப்போல் இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான மடங்கு நிறையுடைய கருந்துளைகளை ஆங்கில வானியலார் 'சூப்பர்மாசிவ்' என்னும் அடையால் சுட்டுவர். இதனைத் தமிழாக்குவதில் எழும் இடர்ப்பாடு 'மீ', 'பெரு' ஆகிய முன்னொட்டுகளைப் பற்றியதன்று. 'மாஸ்' என்பதற்கு ஈடாகக் கொள்ளும் சொல்லைப் பற்றியதே ஆகும்.

தொல்காப்பியத் தொகைமரபு அளவுப்பெயர்களோடு நிறைப்பெயர்களையும் கூறுகிறது. அங்கு 'நிறை' என்பது நிறுத்து அறியப்படுவது. 'நிறைகோல்' என்னும் சொல்லும் இப்பொருளினதே. பொருளின் பருமை வேறு, அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசை வேறு என்னும் பாகுபாடு நியூட்டனின் இயக்கவியலோடு (1687) நிலைபெற்றது. அதனைத் தமிழில் கூற முற்பட்டபோது இரு வழக்குகள் தோன்றின. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பருமையை 'நிறை' என்றும் விசையை 'எடை' என்றும் வழங்கின. இலங்கைப் பாடநூல்களோ 'நிறை'யை விசைக்கே உரியதாக்கிப் பருமைக்குத் 'திணிவு' என்பதைக் கொண்டன. பழம்பொருளுக்கு அணுக்கமானது இலங்கை வழக்கே எனலாம்.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1961இல் தில்லியில் நிறுவப்பட்ட அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம், இந்திய மொழிகளுக்கிடையே கலைச்சொல் ஒருமைப்பாட்டை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆயினும் ஒரே வடமொழி வேரினின்று வந்த 'பார்' இந்தியில் எடையையும், 'பொர்' வங்காளத்தில் நிறையையும் குறிக்கின்றன. இந்தியில் நிறை 'திரவ்யமான்' ஆகும்; மலையாளத்தில் 'பிண்டம்' ஆகும். சொல்வடிவ ஒற்றுமை கருத்தொற்றுமைக்கு உறுதியளிப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

மொழிபெயர்ப்பில் இதன் விளைவு கருதத்தக்கது. 'பெருநிறைக் கருந்துளை' என்பதை யாழ்ப்பாணத்து மாணவர் எடை மிக்கது எனக் கொள்ளக்கூடும். 'பெருந்திணிவு' என்பதைச் சென்னை வாசகர் மிகுந்த அடர்த்தி எனப் பிறழ உணரக்கூடும். உண்மையோ இதற்கு மாறானது. 2019இல் நிழற்படிமம் வெளியிடப்பட்ட எம் 87 கருந்துளையின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு. ஆயினும் அதன் நிகழ்வெல்லைக்குட்பட்ட சராசரி அடர்த்தி காற்றினதைவிடக் குறைவு. 'மீப்பெரும் கருந்துளை' என நிறைச்சொல்லையே விடுப்பின், உருவளவு முன்னிற்கும். பால்வெளியின் நடுவண் கருந்துளையோ சூரியனைப்போல் சுமார் 40 இலட்சம் மடங்கு நிறையுடையதாயினும், அதன் நிகழ்வெல்லை புதனின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும்.

எனவே 'நிறை'யைத் தனித்து ஆராய்தல் போதாது; 'எடை', 'திணிவு', 'அடர்த்தி' ஆகியவற்றோடு அது கொண்டுள்ள எதிர்நிலையையும் நோக்குதல் வேண்டும். இரு நாட்டு வாசகர்க்கும் பொதுவாக எழுதப்படும் நூல்களில் முதல் வழக்கிலேயே 'பெருநிறை, அதாவது இலங்கை வழக்கில் பெருந்திணிவு' என இணைத்துத் தருதல் பொருள் மயக்கத்தைத் தவிர்க்கும்.