தெருவில் எழும் குரல் படையை நகர்த்துமா? கிழக்குத் திமோர் தரும் பதில்

எங்கள் விடுதியில் ஒரு நாள் இரவு பெரிய விவாதம். ஏதோ ஒரு நாட்டில் நடக்கும் படுகொலையைக் கண்டித்து, வேறொரு நாட்டின் தலைநகரில் மக்கள் ஊர்வலம் போகும் காட்சி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறை நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இங்க பதாகை பிடிச்சா, அங்க சுடறவன் துப்பாக்கியைக் கீழே போட்டுடுவானா?"

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வரலாற்றில் அப்படி எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடினேன். ஏறக்குறைய அப்படி நடந்த ஓர் இடம் கிடைத்தது: கிழக்குத் திமோர், 1999. இந்த "ஏறக்குறைய" என்பதற்குள்தான் விஷயமே இருக்கிறது.

24 ஆண்டு மௌனம்

திமோர், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடமேற்கே இருக்கும் ஒரு தீவு. அதன் மேற்குப் பாதி டச்சுக்காரர்களிடமிருந்து இந்தோனேசியாவுக்குப் போனது. கிழக்குப் பாதி போர்ச்சுகலின் காலனி. 1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்ததும், போர்ச்சுகல் தன் காலனிகளை ஒவ்வொன்றாக விட்டு விலகத் தொடங்கியது. 1975 நவம்பர் 28 அன்று ஃப்ரெடிலின் இயக்கம் கிழக்குத் திமோரின் விடுதலையை அறிவித்தது. அந்த விடுதலை ஒன்பது நாள்தான் நீடித்தது. டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படை தலைநகர் டிலியில் இறங்கிவிட்டது.

அதற்கு முதல் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவுடன் பேசிக்கொண்டிருந்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும்! இந்தப் படையெடுப்புக்கு அவர்கள் தடை சொல்லவில்லை என்பதை 2001-ல் வெளியான அமெரிக்க அரசு ஆவணங்கள் காட்டுகின்றன. வியட்நாமில் தோற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. கம்யூனிச எதிர்ப்பாளரான சுகார்த்தோவை இழக்க வாஷிங்டன் தயாராக இல்லை. ஆஸ்திரேலியா 1979-ல் இந்த இணைப்பைச் சட்டப்படியே அங்கீகரித்தது. 1989-ல் திமோர் கடலடியில் உள்ள எண்ணெயையும் எரிவாயுவையும் பங்கு போட்டுக்கொள்ள இந்தோனேசியாவோடு ஒப்பந்தமும் செய்துகொண்டது.

ஐ.நா. பாதுகாப்பு அவை சும்மா இருக்கவில்லை. 1975 டிசம்பரிலும் 1976 ஏப்ரலிலும் இந்தோனேசியா வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தோடு நின்றது. 1974 முதல் 1999 வரை இந்த மோதலால் குறைந்தது 1,02,800 பேர் இறந்தார்கள் என்று திமோரின் உண்மை ஆணையம் பின்னாளில் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் குண்டடிபட்டுச் சாகவில்லை. பசியாலும் நோயாலும் செத்தார்கள்.

அப்போது உலகில் யாரும் தெருவில் இறங்கவில்லையா? சிறு சிறு குழுக்கள் இறங்கின. ஆனால் 1989 வரை அந்தத் தீவு வெளியாட்களுக்கு ஏறக்குறைய மூடியே கிடந்தது. 1975 அக்டோபரில், படையெடுப்புக்கு முன்பே, எல்லைக்கு அருகே பாலிபோ என்ற ஊரில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்காகச் செய்தி சேகரித்த ஐந்து பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். படம் இல்லை, சாட்சி இல்லை. கண்ணால் காணாத கொலைக்காக ஊர் திரளுமா?

கல்லறையில் புதைத்த ஒளிநாடா

நிலைமை மாறியது 1991 நவம்பர் 12 அன்று. கொல்லப்பட்ட ஓர் இளைஞருக்கு அஞ்சலி செலுத்த டிலியின் சாண்டா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். இந்தோனேசிய வீரர்கள் அவர்களைச் சூழ்ந்து சுட்டார்கள். 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இதற்கு முன்பும் கொலைகள் நடந்திருக்கின்றன. இந்த முறை ஒரு வேறுபாடு, அங்கே மேக்ஸ் ஸ்டால் என்ற பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர் இருந்தார். தன்னைப் பிடிப்பதற்குள், எடுத்த ஒளிநாடாவை அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே மண்ணில் புதைத்துவிட்டார். பிறகு இரவில் வந்து தோண்டி எடுத்தார். நாடா ரகசியமாக வெளிநாட்டுக்குப் போனது. கல்லறைகளுக்கு நடுவே ஒளிந்து கிடந்த இளைஞர்களை உலகம் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது.

இதன் பிறகு உருவான போராட்டத்தில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. இவர்கள் "படை அனுப்பு" என்று தொடங்கவில்லை. படை அனுப்ப எந்த நாடும் தயாராக இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தங்கள் சொந்த அரசு கொலைகாரனுக்கு என்ன கொடுக்கிறது என்று பார்த்து, அதை நிறுத்தச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் 1991 இறுதியில் தொடங்கிய கிழக்குத் திமோர் ஆதரவு அமைப்பு, தங்கள் தொகுதி உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவது, நேரில் போய்ப் பார்ப்பது என்று பொறுமையாக வேலை செய்தது. பலன், 1992-ல் இந்தோனேசிய ராணுவத்துக்கான பயிற்சி நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் வெட்டியது. 1994-ல் சிறு ஆயுத விற்பனையும் நின்றது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1996 ஜனவரியில் வார்ட்டன் விமானத் தொழிற்சாலைக்குள் மூன்று பெண்கள் சுத்தியலோடு புகுந்தார்கள். இந்தோனேசியாவுக்குப் போகவிருந்த ஹாக் போர் விமானம் ஒன்றை அடித்து நொறுக்கினார்கள். உடன் திட்டமிட்ட நான்காவது பெண்ணும் கைதானார். பெரிய கொலையைத் தடுக்கவே இந்தச் சிறு சேதத்தைச் செய்தோம் என்பது அவர்கள் வாதம். ஜூலையில் லிவர்பூல் நீதிமன்றத்தில் ஜூரி அவர்களை விடுதலை செய்தது! ஆனாலும் ஹாக் விற்பனை நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பிஷப் பெலோவுக்கும் ஜோசே ராமோஸ் ஹோர்ட்டாவுக்கும் கிடைத்தது. யாருக்கும் தெரியாத தீவு, எல்லோருக்கும் தெரிந்த பெயராயிற்று.

1999 செப்டம்பர்

1997-ல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது. 1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். புதிய அதிபர் ஹபிபி 1999 ஜனவரியில் யாரும் எதிர்பாராத அறிவிப்பைச் செய்தார்: கிழக்குத் திமோர் மக்களே முடிவு செய்யட்டும். ஐ.நா. மேற்பார்வையில் வாக்கெடுப்பு என்று மே 5 அன்று ஒப்பந்தமும் ஆனது. ஆனால் பாதுகாப்புப் பொறுப்பு மட்டும் இந்தோனேசியாவிடமே! திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான்.

ஆகஸ்ட் 30 அன்று, பல மாத மிரட்டலையும் மீறி, வாக்காளர்களில் ஏறக்குறைய 98 விழுக்காட்டினர் வந்து வாக்களித்தார்கள். செப்டம்பர் 4 அன்று முடிவு வந்தது. இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற திட்டத்தை 78.5 விழுக்காட்டினர் நிராகரித்திருந்தார்கள். அதாவது விடுதலை.

அன்றே தீ வைப்பு தொடங்கியது. ராணுவத்தின் துணையோடு ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. சுவாய் என்ற ஊரில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களைக் கொன்றார்கள். பிஷப் பெலோவின் வீடே எரிந்தது. அந்த ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏறக்குறைய எட்டு லட்சம் மக்கள்தொகையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்குத் திமோருக்கு விரட்டப்பட்டனர். டிலியில் இருந்த ஐ.நா. வளாகத்துக்குள் 1,500 பேர் வரை அடைக்கலம் புகுந்தார்கள். ஊழியர்களை மட்டும் வெளியேற்ற ஐ.நா. முனைந்தபோது, இவர்களை விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று அவர்களில் பலர் மறுத்து அங்கேயே இருந்தார்கள்.

முதல் சில நாட்கள் வாஷிங்டன் எப்படி இருந்தது? திமோர் பற்றிக் கேட்டபோது, அதிபர் கிளிண்டனின் பாதுகாப்பு ஆலோசகர் சாண்டி பெர்கர், கல்லூரியில் படிக்கும் என் மகளின் அறைகூட அலங்கோலமாகத்தான் கிடக்கிறது, அதையும் போய்ச் சுத்தம் செய்ய வேண்டுமா என்ற பொருளில் பேசினார்! பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

அந்த நாட்களில்தான் தெரு பேசியது. ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்களில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். துறைமுகத் தொழிலாளர் சங்கம் இந்தோனேசியச் சரக்குகளைத் தொட மறுத்தது. இந்தோனேசிய விமான நிறுவனமான கருடாவின் சேவைக்கும் விமான நிலையங்களில் தொழிற்சங்கங்கள் முட்டுக்கட்டை போட்டன. செப்டம்பர் 8 அன்று போர்ச்சுகல் நாடே மூன்று நிமிடம் அசையாமல் நின்றது. லிஸ்பனில் பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பு நாடுகளின் தூதரகங்களை இணைத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள்.

மறுநாள், செப்டம்பர் 9. கிளிண்டன் இந்தோனேசியாவுடனான ராணுவ உறவை நிறுத்தி, பன்னாட்டுப் படையை அழைக்கும்படி வலியுறுத்தினார். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் கடன் விஷயத்தில் முகம் சுளித்தன. பொருளாதாரம் படுத்துக் கிடந்த இந்தோனேசியாவுக்கு இது உயிர்நாடி. செப்டம்பர் 12 அன்று ஹபிபி பன்னாட்டுப் படைக்கு ஒப்புக்கொண்டார். 15 அன்று பாதுகாப்பு அவையின் 1264-ஆம் தீர்மானம். 20 அன்று ஆஸ்திரேலியத் தளபதி பீட்டர் காஸ்குரோவ் தலைமையில் இன்டர்ஃபெட் படை டிலியில் இறங்கியது. 2002 மே 20 அன்று கிழக்குத் திமோர் விடுதலை பெற்றது.

போராட்டம்தான் காரணமா?

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பொருளாதார நெருக்கடி இல்லாவிட்டால் ஹபிபி பணிந்திருப்பாரா? பனிப்போர் முடியாவிட்டால் வாஷிங்டன் அசைந்திருக்குமா? ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பு என்பதால் ஐ.நா.வின் மானமும் அதில் சிக்கியிருந்ததே? எல்லாம் உண்மை. போராட்டம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். 24 ஆண்டுகளாக ஜகார்த்தாவோடு நட்பே முக்கியம் என்றிருந்த ஆஸ்திரேலியா, சுமார் 5,500 வீரர்களை அனுப்பியது. கன்பெராவின் நலன்கள் ஒரே வாரத்தில் தலைகீழாக மாறிவிடவில்லை. சும்மா இருப்பதற்கு உள்நாட்டில் கொடுக்க வேண்டிய விலைதான் மாறியது. நெருக்கடி சாவியைச் செய்து கொடுத்தது. அதைத் திருப்ப வைத்தது தெரு.

மற்ற இடங்களில் என்ன ஆயிற்று?

ருவாண்டா, 1994. சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர். மேற்கத்தியத் தலைநகரங்களில் பெரிய ஊர்வலம் எதுவும் இல்லை. கொலைகள் தொடங்கி இரு வாரத்தில் ஐ.நா. தன் படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. எந்த அரசுக்கும் அதனால் ஓட்டு போகவில்லை.

டார்ஃபூரில் வேறு கதை. 2006 ஏப்ரலில் வாஷிங்டனில் பெரும் கூட்டம் கூடியது. ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து படை அமைக்கும் தீர்மானம் 2007 ஜூலையில் வந்தது. ஆனால் மிகக் கொடூரமான கொலைகள் 2003, 2004-லேயே நடந்து முடிந்துவிட்டன.

இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் 2009 நினைவுக்கு வராமல் இருக்காது. லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் மக்கள் உட்கார்ந்தார்கள். மே 10 அன்று டொரான்டோவில் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். கூட்டத்திலோ கண்ணீரிலோ குறைவில்லை. பிறகு ஏன் நடக்கவில்லை?

திமோரோடு ஒப்பிட்டால் ஓரளவு புரிகிறது. ஐ.நா. ஊழியர்கள் 2008 செப்டம்பரிலேயே வன்னியை விட்டு வெளியேறியிருந்தார்கள். போரின் மறுதரப்பான விடுதலைப் புலிகளை இந்தியாவும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் தடை செய்திருந்தன. கொழும்புக்கு ஆயுதமும் ஆதரவும் வேறு திசைகளிலிருந்தும் கிடைத்தன. லண்டனோ ஒட்டாவோ கதவைச் சாத்தினாலும் வேறு கதவு திறந்திருந்தது. பாதுகாப்பு அவை தன் முறையான நிகழ்ச்சி நிரலில்கூட இதைச் சேர்க்கவில்லை. திமோர் நேரத்தில் முகம் சுளித்த பன்னாட்டு நிதியம், 2009 ஜூலையில் இலங்கைக்கு 260 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும், இரு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றும் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011-ல்.

நண்பருக்குப் பதில்

பதாகையைப் பார்த்துச் சுடுபவன் துப்பாக்கியைக் கீழே போடமாட்டான். அவன் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவனுக்குத் துப்பாக்கி விற்பவர், பயிற்சி தருபவர், கடன் கொடுப்பவர் ஆகியோரில் யாராவது பதாகை பிடிப்பவரின் ஓட்டை நம்பி இருந்தால், அவர் பார்ப்பார். யாரும் அப்படி இல்லாதபோது எவ்வளவு பெரிய கூட்டமும் வெறும் குரலாகவே நின்றுவிடுகிறது. அது குரல் கொடுத்தவர்களின் குற்றமல்ல.

இன்னொன்றும் உண்டு. 1999 செப்டம்பரின் அந்தப் பத்து நாள் வெற்றிக்கு எட்டு ஆண்டு உழைப்பு பின்னால் இருந்தது. கடிதம் எழுதியவர்கள், வாரம் தவறாமல் தூதரக வாசலில் பத்துப் பேராக நின்றவர்கள், "இதெல்லாம் நடக்குமா?" என்று கேலி செய்யப்பட்டவர்கள். அவர்கள் முன்பே நின்றிருந்ததால்தான் அந்த வாரம் ஆயிரங்கள் எங்கே போய் நிற்பது என்று தெரிந்து நின்றார்கள்.

அப்படியும் ஆயிரம் பேருக்கு மேல் இறந்த பிறகே கப்பல் வந்தது. நான் ஆரம்பத்தில் "ஏறக்குறைய" என்று சொன்னது அதனால்தான்.