கண்குழி ஸ்கேனில் ஆழ்கற்றல்

கண்குழியின் சிடி, எம்ஆர்ஐ படங்களில் எலும்புச் சுவர், விழிக்கோளம், பார்வை நரம்பு, விழியை அசைக்கும் தசைகள், கொழுப்பு ஆகியவற்றைக் கணினியே இனம் பிரிக்க ஆழ்கற்றல் முறை பயன்படுகிறது. முப்பரிமாணப் படத்தின் ஒவ்வொரு கனப்புள்ளியும் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று குறிப்பதே இதன் வேலை. குறித்து முடித்தால், உறுப்பின் கன அளவைப் பெறப் புள்ளிகளைக் கூட்டினால் போதும்.

ஏழு எலும்புகள் கூடி அமைந்த கண்குழியின் கொள்ளளவு பெரியவர்களுக்குச் சுமார் 30 மி.லி. அதில் விழிக்கோளம் ஏறத்தாழ 7 மி.லி. இடம் நெருக்கடியானது என்பதால் சிறு மாற்றமும் முகத்தில் தெரிந்துவிடும். அடிபட்டுக் குழியின் தரை உடைந்தால் கண் உள்வாங்கும். தைராய்டு கண்நோயில் தசைகள் தடித்தால் கண் பிதுங்கும். குழியின் பின்முனையில் பார்வை நரம்பு நெரிபடவும் கூடும்.

முன்பெல்லாம் எலும்பைப் பிரிக்க, சிடி படத்தில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டதெல்லாம் எலும்பு என்று வரம்பு வைத்தார்கள். தொடை எலும்புக்கு அது சரி, கண்குழிக்குச் சரிப்படாது. மூக்குப் பக்கச் சுவர் பல இடங்களில் அரை மில்லிமீட்டர் கனம்கூட இராது. ஒரு பக்கம் சைனஸ் காற்று, சுமார் -1000. மறுபக்கம் கொழுப்பு, சுமார் -100. 1 மி.மீ. அகலமுள்ள புள்ளிக்குள் இவை மூன்றும் சேர்ந்து சராசரியானால் எலும்பின் எண் வரம்புக்குக் கீழே போய்விடும். முழுச் சுவர் இருந்தும் படத்தில் ஓட்டை தெரியும். குழியின் முன்வாயிலிலோ எலும்பே கிடையாது. எங்கே மூடுவது என்பதில் கையால் வரையும் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை.

2015இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஓலாஃப் ரோனபெர்கர், பிலிப் ஃபிஷர், தாமஸ் பிராக்ஸ் ஆகியோர் வெளியிட்ட யூ-நெட் என்ற ஆழ்கற்றல் வலையமைப்புதான் இத்துறையின் அடித்தளம். நுண்ணோக்கிப் படங்களுக்காகப் பிறந்தது அது. படத்தைச் சுருக்கிச் சூழலை அறிந்து, மீண்டும் விரிக்கும்போது தொடக்க அடுக்குகளின் நுண்விவரங்களைக் குறுக்குவழியாகச் சேர்த்துக்கொள்ளும். குறைந்த எடுத்துக்காட்டுகளிலேயே கற்கும் என்பதால் மருத்துவத்துக்குத் தோதாக அமைந்தது. சுற்றிலும் சுவர் போகும் போக்கைப் பார்த்து, மங்கிய இடத்திலும் எலும்பை ஊகிக்கும். ஆனால் உடையாத கண்குழிகளை மட்டுமே பார்த்துப் பழகிய மாதிரி, உடைந்த இடத்திலும் சுவர் எழுப்பிவிடக்கூடும். பல்லில் உள்ள உலோக அடைப்பு படத்தில் இழுக்கும் கீற்றுகளும் அதைக் குழப்பும்.

தரத்தை அளக்க, கணினி குறித்ததும் நிபுணர் குறித்ததும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று காட்டும் டைஸ் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் தருகிறார்கள். லீ டைஸ் 1945இல் உயிரினங்களின் கூட்டிருப்பை அளக்க முன்வைத்தது அது. கண்குழிக்கு இந்த எண் ஏமாற்றுக்காரன். 30 மி.லி. குழியில் 2 மி.லி. விடுபட்டாலும் மதிப்பெண் 0.97-ஐ ஒட்டி நிற்கும். குழி 1 மி.லி. பெரிதானால் கண் ஏறக்குறைய 1 மி.மீ. உள்வாங்கும் என்பது அறுவை மருத்துவர்களின் தோராயக் கணக்கு; 2 மி.மீ. உள்வாங்கினால் பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும். நூல் போல மெலிந்த பார்வை நரம்பிலோ ஓரத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் எண் சரிந்துவிடும்.

உடைந்த பக்கத்துக்கு நல்ல பக்கத்தின் பிம்பத்தைப் பொருத்தி உள்வைப்புத் தகடு வடிவமைப்பதிலும், கதிர்வீச்சுச் சிகிச்சையில் பார்வை நரம்பைக் காப்பதிலும் கணினி பிரித்துத் தரும் எல்லைக்கோடுகள் நேரடியாகப் பயன்படுகின்றன. ஆகவே தரையிலும் மூக்குப் பக்கச் சுவரிலும் எல்லை எத்தனை மி.மீ. விலகியது என்று தனியே சொல்லாத எந்த ஆய்வு முடிவையும் அறுவைத் திட்டத்துக்கு நம்பக் கூடாது.