ராப் இசைவழிக் கல்வி

ராப் இசைவழிக் கல்வி என்பது, 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றிய ஹிப்ஹாப்பின் தாளத்தையும் இயைபையும் கொண்டு பள்ளிப் பாடங்களைக் கற்பிக்கும் முறை ஆகும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் எம்டின், ராப் கலைஞர் ஜிஸாவுடன் இணைந்து நியூயார்க் அரசுப் பள்ளிகளில் நடத்திய ‘சயின்ஸ் ஜீனியஸ்’ திட்டத்தில், மாணவர்கள் அறிவியல் கருத்துகளைத் தாமே ராப் வரிகளாக எழுதி மேடையில் போட்டியிட்டனர். மாணவர்கள் தாமே எழுதுவதே இம்முறையின் உயிர்நிலை. ஏனெனில் பிறர் பாடியதைக் கேட்பது நினைவை மட்டுமே வளர்க்க, வரி எழுதுவதோ பொருள் புரியாமல் இயலாதது.

தமிழ்நாட்டின் செங்கல்பட்டு வட்டாரத்திற்குத் தாளத்தோடு கற்பது முற்றிலும் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி எனும் வாய்ப்பாட்டு நூல் உரக்க ஓதியே மனப்பாடமானது. “ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று” என வாய்ப்பாட்டின் ஒவ்வோர் அடியும் நான்கு தட்டுக்குள் அடங்குவதால், ராப்பின் நாலெண்ணிக்கைத் தாளத்தில் அது மாற்றமின்றிப் பொருந்துகிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர்ப் புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலத்தில் கூத்துப் பயிற்சியையும் பள்ளிக் கல்வியையும் ஒருங்கே அளித்தது போற்றத்தக்க முன்னோடி முயற்சியாகும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடக்க வகுப்புகளில் ஆடல் பாடலுக்கு இடமளிக்கிறது.

மாமல்லபுரக் கடலோரப் பிள்ளைகள் நன்கறிந்த கடற்காற்று, பாறைச் சிற்பங்கள், வயலூருக்கருகே பாலாறு கடல்சேரும் முகத்துவாரம் ஆகியவை அறிவியல், வரலாறு, புவியியல் பாடங்களை அவர்கள் தம் பேச்சுமொழியிலேயே ராப்பாக எழுதுவதற்கு ஏற்ற பொருள்களாகும்.