பொன்மலைப் பட்டறை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் அசைந்து வரும்போது வடம் பிடிப்பவர் ஆயிரக்கணக்கானோர். அத்தேருக்கு அச்சு பொருத்திய தச்சனை நினைப்பவர் மிகச் சிலரே. எங்கள் ஊர் வழியே விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் சென்ற பழைய மீட்டர்கேஜ் இருப்புப் பாதை, தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியைச் சேர்ந்தது. அக்கம்பெனியின் எஞ்சின்களைச் செப்பனிட்டவர்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அக்கம்பெனிக்கு முன்னர் நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் பட்டறைகள் இருந்தன. 1928-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் புதிய பெரும் பட்டறை எழுந்தது. நாகையின் கடற்காற்றில் வளர்ந்த குடும்பங்கள் பொட்டலில் புதுக் குடியேற்றம் கண்டன.

பட்டறைக்குள் நுழையும் எஞ்சின் முழுவதும் பிரிக்கப்படும். கொதிகலத்தைப் பாரந்தூக்கி அப்படியே மேலே எடுக்கும். தேய்ந்த சக்கரங்களைக் கடைசல் இயந்திரத்தில் இட்டு வட்டம் திருத்துவர். ஒவ்வோர் உறுப்பும் கழுவி, அளந்து, மீண்டும் பூட்டப்பெறும். கொதிகலத்தில் ஆணி அறைபவரின் நிலைதான் கொடிது. இரும்புக் குடத்தினுள் நாள்தோறும் எழும் சம்மட்டி ஓசையால், ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களுடைய செவிகள் மந்தமாகிவிடும். இது உலகெங்கும் அத்தொழிலுக்கு உரிய நோய்.

புதிய இயந்திரங்கள் வந்தமையால் ஆட்கள் மிகுதி என்று கம்பெனி கருதியது. 3,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கத் திட்டமிட்டு, யாரை நீக்குவது என்று முடிவு செய்யத் தொழில் திறன் தேர்வு ஒன்றை அறிவித்தது. மாணவர்களே, பல்லாண்டுக் காலம் வினாத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்வேன். எத்தனை பேர் தோற்க வேண்டும் என்று முதலிலேயே வரையறுத்துவிட்டு நடத்துவது தேர்வாகாது, அது கழிப்பு. இருபது ஆண்டுகள் உளி பிடித்த கையை ஒரு நாள் சோதனையால் அளக்க இயலுமா என்று தொழிலாளர் கேட்டதில் நியாயம் இருந்தது.

1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதில் முன்நின்றவருள் ஒருவர் சிங்காரவேலர். அப்போது அவருக்கு வயது 68! முதுமையில் பலர் சாய்வு நாற்காலியை நாடுவர். அவருக்கு வாய்த்தது சிறை. மாத இறுதிக்குள் வேலைநிறுத்தம் முறிந்தது. அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. 1930-இல் விடுதலையானார். வேலை இழந்தவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிப்பை நிறுத்தினரோ, அதனை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை.

செப்டம்பர் 5 நமக்கு ஆசிரியர் நாள். பொன்மலையில் அந்நாளுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1946-ஆம் ஆண்டு அதே நாளில், வேலைநிறுத்தக் காலத்தில், போலீசார் சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். மறுஆண்டு நாடு விடுதலை பெற்றது. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே அஞ்சலி செலுத்துகின்றனர்.

கம்பெனி மறைந்து, 1951-இல் தென்னக இரயில்வே தோன்றியது. நீராவியின் காலமும் முடிந்தது. ஆயினும், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் பல்சக்கர மலைப் பாதைக்கு இந்நூற்றாண்டிலும் நீராவி எஞ்சின்கள் தேவைப்பட்டன. அவற்றைப் பொன்மலைத் தொழிலாளர்களே புதிதாகக் கட்டிக் கொடுத்தனர்.